காய்ச்சல் எத்தனையாம் நாள்?

ஐப்பசி மழை இறங்கினால் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் காலம். தை பிறந்து வெயில் ஏறும் வரை வெளிநோயாளர் பிரிவு (ஓ.பி.டி.) வாங்கில்களில் இருக்க இடம் கிடைக்காது. என்னிடம் வருகிறவர்களில் பலர் கையில் ஒரு லாப் ரிப்போர்ட்டோடுதான் உள்ளே வருவார்கள். "டெங்கு இல்லையாம் டொக்டர், நெகட்டிவ்" என்று சொல்லிக்கொண்டே நீட்டுவார்கள். நான் அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "காய்ச்சல் எப்ப தொடங்கினது?" என்று கேட்பேன். சிலருக்கு முகம் சுருங்கிவிடும். காசு கட்டி எடுத்த ரிப்போர்ட்டை இந்த ஆள் பார்க்கவே மாட்டாரோ என்ற யோசனை.

பார்ப்பேன். ஆனால் நாள் தெரியாமல் பார்த்துப் பயனில்லை. டெங்குக் கிருமியின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் நான்கைந்து நாட்களுக்குள் செய்தால்தான் நம்பத்தக்கது. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.எம். பிறபொருளெதிரி ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் தலைகாட்டும். எலிக்காய்ச்சலும் அப்படித்தான், முதல் ஐந்தாறு நாட்களில் எடுத்த இரத்தத்தில் பிறபொருளெதிரியைத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. நெருப்புக்காய்ச்சலுக்கோ (தைபோய்ட்) எதிர்ப்பக்கம்: இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பிடிக்க முதல் வாரம்தான் நல்லது. ஆகவே ஆறாம் நாளில் செய்த என்.எஸ்.1 நெகட்டிவ் என்றால் அதை வைத்து டெங்கு இல்லை என்று நான் எழுதமாட்டேன். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்று யாராவது கொண்டுவந்தால், அந்தக் காசுக்கு இளநீர் வாங்கிக் குடித்திருக்கலாம் என்று சொல்லத் தோன்றும். சொல்வதில்லை.

"மூண்டு நாள் டொக்டர்" என்று பதில் வந்தாலும் அதை அப்படியே எழுதிக்கொள்ள முடியாது. பாயில் விழுந்த நாளிலிருந்துதான் எங்கள் சனம் காய்ச்சலை எண்ணும். அதற்கு முதல் உடம்பு நொந்தது, குளிக்கக் கூதலடித்தது, இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனது எதுவும் கணக்கில் வராது. அதனால் நான் நாளைக் கேட்பதில்லை, கலண்டரைக் கேட்பேன். போன மழைக்காலத்தில் ஒரு குடும்பத் தலைவியிடம், "கார்த்திகை விளக்கீட்டண்டு உங்களுக்குச் சுகமோ?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "வாழைக்குத்தியில விளக்கு வைக்கேக்கை ஒரு மாதிரிக் குளிர்ந்தது. பனி எண்டு நினைச்சன்." விரல் விட்டு எண்ணினோம். மூன்று நாள் என்று வந்தவர் அன்றைக்கு ஐந்தாம் நாளில் இருந்தார். டெங்கு என்றால் மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் ஒன்றல்ல. அவரைப் படுக்கையில் சேர்த்தோம். அன்று இரவே நெஞ்சறையில் நீர் கசியத் தொடங்கிவிட்டது.

டெங்குவைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் அதிகம் இழுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் போதாது. டெங்குவில் ஆபத்து தொடங்குவது காய்ச்சல் விடுகிற நேரத்தில். மூன்று நாலு நாள் கொதித்த உடம்பு குளிர்ந்ததும், "பிள்ளைக்குச் சுகம் வந்திட்டுது" என்று வீட்டில் நிம்மதி. அந்த நேரத்தில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியும். அது 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். காய்ச்சல் விட்ட பிள்ளை எழுந்து ஓடித் திரிந்து சாப்பாடு கேட்டால் சரி. காய்ச்சல் விட்டும் சோர்ந்து கிடந்தால், வயிறு நொந்தால், விடாமல் சத்தி எடுத்தால், கைகால் சில்லிட்டால், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை என்றால், உடனே கொண்டுவர வேண்டும். இரவு இரண்டு மணியென்றாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

இரத்தக் குழியங்களை எண்ணும் எஃப்.பி.சி. ரிப்போர்ட்டில் எல்லோருடைய கண்ணும் பிளேட்லெட்டில்தான் போய் நிற்கும். நான் முதலில் வெண்குழியத்தைப் பார்ப்பேன். டெங்குவில் அது முதலில் இறங்கும், ஐயாயிரத்துக்குக் கீழ் வரும். பிளேட்லெட் அதன் பின்னால் இறங்கும். அப்புறம் பி.சி.வி., அதாவது இரத்தத்தில் செங்குழியங்களின் வீதம். முதல் நாள் 38 ஆக இருந்தது இன்றைக்கு 46 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. இரத்தம் தடிக்கிறது, நீர் கசிகிறது என்று அர்த்தம். பிளேட்லெட் 60,000 இருந்து பி.சி.வி. அசையாமல் இருப்பவரைவிட, பிளேட்லெட் 90,000 இருந்து பி.சி.வி. ஏறுகிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வீட்டில் இருந்து பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ் வந்தால் வைத்தியசாலையில் நிற்க வேண்டும். கர்ப்பிணி என்றால் எந்த எண்ணுக்கும் காத்திருக்காமல் காய்ச்சல் தொடங்கிய அன்றே வர வேண்டும்.

எண்களை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே லாப்பில் செய்யுங்கள். காலையில் திருநெல்வேலியில் ஒன்று, பின்னேரம் சுன்னாகத்தில் ஒன்று என்று எடுத்தால் மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் வரும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாது. இன்னொன்று, ஆள் நல்லாக இருக்க மெஷின் திடீரென்று பிளேட்லெட் 18,000 என்று காட்டினால், லாப்பில் இருப்பவரிடம் கண்ணாடித் துண்டில் இரத்தப் பூச்சு போட்டுப் பார்க்கச் சொல்வேன். சிலருடைய இரத்தத்தில், போத்தலில் இருக்கும் மருந்தோடு சேர்ந்ததும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாகிவிடும். மெஷினுக்கு அவை எண்ணிக்கையில் வராது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் திட்டுத் திட்டாக நிற்கும். எங்கள் லாப்பில் மூத்த தொழில்நுட்பவியலாளர் ஒருவர் இருக்கிறார். சந்தேகமான எண் வந்தால் போன் எடுத்து, "டொக்டர், ஆள் எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டுவிட்டுத்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்து வைப்பார். இப்படி ஒருவர் லாப்பில் இருந்தால் வோட்டில் வேலை பாதி முடிந்த மாதிரி.

டெங்குக்காரருக்குக் குடிக்கக் கொடுக்கும்போது சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்கிறோம். நெக்டோ குடித்துவிட்டுச் சிவப்பாகச் சத்தி எடுத்தால் அது இரத்தமா சோடாவா என்று இரவு முழுக்க நாங்கள் மண்டையை உடைக்க வேண்டும். ஜீவனி, கஞ்சி, இளநீர், பழரசம் போதும். பப்பாசி இலைச்சாறு பற்றி என்னிடம் கேட்காத குடும்பமே இல்லை. நான் சண்டை பிடிப்பதில்லை. ஆனால் அதைக் குடித்துச் சத்தி எடுத்துவிட்டு, குடித்ததை மறைத்தால், அந்தச் சத்தியை நான் டெங்குவின் அபாயக் குறி என்று எடுத்துக்கொள்வேன். மறைக்காமல் சொன்னால் போதும். நோவுக்கு டைக்ளோபெனக், இபுபுரோபென் வகை மாத்திரைகள் மட்டும் வேண்டவே வேண்டாம். பனடோல் மட்டும், அதுவும் அளவோடு.

நாளுக்கு அடுத்தபடி நான் கேட்பது, அந்த ஆளின் கையும் காலும் எங்கே போய் வந்தன என்று. தொழிலைக் கேட்டால் போதாது. வடமராட்சிப் பக்கத்து இளைஞர் ஒருவர் தகப்பனோடு வந்திருந்தார். காய்ச்சல் ஐந்தாம் நாள், என்.எஸ்.1 முதல் நாளே நெகட்டிவ். பிளேட்லெட் 74,000. பிளேட்லெட்டைப் பார்த்துவிட்டு டெங்கு என்றுதான் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"தம்பி என்ன வேலை?"

"கொம்பனியில கணக்குப் பிரிவு, டொக்டர்."

"தோட்டம், வயல் எண்டு எங்கயாவது இறங்கினனீங்களோ?"

"இல்லை, நான் உந்த வேலையள் செய்யிறேல்லை."

தகப்பன் குறுக்கிட்டார். "ஏன், போன கிழமைக்கு முதல் கிழமை வெள்ளம் நிக்கேக்கை வரம்பு வெட்டிவிட வந்தனியெல்லே?" பெடியன் அதை வேலையாகவே நினைக்கவில்லை. ஒரே ஒரு பின்னேரம், செருப்பில்லாமல், முழங்கால் தண்ணீரில். காலில் வெட்டுக் காயம் ஒன்று காய்ந்திருந்தது.

கெண்டைக்காலைப் பிடித்து மெல்ல அமர்த்தினேன். காலை இழுத்துக்கொண்டார். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை, கண்ணீர் இல்லை. பிறகுதான் ரிப்போர்ட்டைத் திருப்பினேன். பிளேட்லெட் குறைவு உண்மைதான். ஆனால் வெண்குழியம் 13,400, அதில் 88 வீதம் பக்டீரியாத் தொற்றில் கூடும் நியூட்ரோபில் வகை. டெங்கு இப்படி வெண்குழியத்தை ஏற்றாது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 180. சலத்தில் புரதம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தது, ஆனால் பொட்டாசியம் ஏறாமல் குறைந்திருந்தது. சிறுநீரகம் தளரும்போது பொட்டாசியம் ஏறுவதுதான் வழமை. இறங்கினால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். மஞ்சட்காமாலையைக் காட்டும் பிலிருபின் கூடி, ஈரல் நொதிகள் கொஞ்சமாகத்தான் கூடியிருந்தன. ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் எதுவும் உறுதியில்லை. வெள்ளத்தில் நின்ற கால், சிவந்த கண், நோகும் கெண்டை, இந்த எண்கள் எல்லாம் சேர்ந்தபோது பெயர் எழுத எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. இரவோடு இரவாகப் பெனிசிலின் ஊசி தொடங்கினோம். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிய எம்.ஏ.டி. என்ற எலிக்காய்ச்சல் பரிசோதனையின் முடிவு, அவர் குணமாகித் திரும்பக் கணக்கு எழுதத் தொடங்கிய பிறகுதான் வந்தது. பொசிட்டிவ். அதற்காகக் காத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எலிக்காய்ச்சல் நுரையீரலில் இரத்தக் கசிவாகத் திரும்பினால் நேரம் மணிக்கணக்கில்தான் கிடைக்கும்.

2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் இந்த நோய்தான் பரவி உயிர்களை எடுத்தது. என்னவென்று தெரியும் முன்பே 'மர்மக் காய்ச்சல்' என்று பேச்சு ஓடிவிட்டது. வெள்ளத்தில், வயலில் இறங்க வேண்டியவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தில் டொக்சிசைக்கிளின் மாத்திரை கேட்டு வாங்கலாம், காசில்லை. கிழமைக்கு ஒரு தரம் 200 மில்லிகிராம், இறங்குகிற காலம் முழுக்க. காலில் காயம் இருந்தால் இறங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

எத்தனை நாள் பின்னோக்கிக் கேட்பது என்பதும் நோய்க்கு நோய் மாறும். டெங்கு நுளம்பு கடித்து நாலிலிருந்து பத்து நாளில் காய்ச்சல் வரும். எலிக்காய்ச்சலுக்கு ஒன்றிரண்டு கிழமை, சில வேளை ஒரு மாதம். நேற்று வயலில் இறங்கி இன்றைக்குக் காய்ச்சல் என்றால் நேற்றைய வயலைக் குற்றம் சொல்ல வேண்டாம், போன மாதத்தைக் கேட்க வேண்டும்.

சரி, இனி உடுப்புக்கு அடியில் ஒளிந்திருக்கிற ஒரு நோய். உண்ணிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. மழைக்காலத்திலும் அதன் பின்னான குளிர் மாதங்களிலும் அடிக்கடி பார்க்கிறோம். பற்றைக்காட்டில், புல்லில் இருக்கும் ஒரு சிற்றுண்ணியின் குடம்பி கடிப்பதால் வருவது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, கடித்தால் நோவும் இல்லை. அதனால் "ஏதும் கடிச்சதோ?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

வலிகாமம் வடக்கில் நீண்ட காலத்துக்குப் பிறகு படையினரிடமிருந்து விடுபட்ட காணியைத் துப்புரவாக்கிக் கொண்டிருந்த ஒரு வயோதிபத் தாய் எட்டாம் நாள் காய்ச்சலோடு வந்தார். தலையிடி தாங்க முடியவில்லை. வறட்டு இருமல். டெங்கு இல்லை. இரண்டு வகை அன்டிபயோட்டிக் ஏற்கெனவே முடித்திருந்தார், காய்ச்சல் அசையவில்லை. ஈரல் நொதிகள் கூட, பிளேட்லெட் சற்றுக் குறைவு, சி.ஆர்.பி. கூட. இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எதையும் சொல்லலாம். தாதி மிஸியைக் கூப்பிட்டுத் திரையை இழுத்துவிட்டு, தலையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தோம். காதின் பின்பக்கம், அக்குள், மார்பின் அடி. ஒன்றுமில்லை. பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொன்னபோது அம்மாவுக்கு வெட்கம். நாடா இறுகியிருந்த இடத்தில், முதுகுப் பக்கமாக, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு. சுற்றிவர மெல்லிய சிவப்பு. அமர்த்தினால் நோகவில்லை. அந்தப் பக்கத்துத் தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது.

"அம்மா, இது எப்ப வந்தது?"

"எது மோனை? அங்கை ஒண்டும் இல்லையே."

டொக்சிசைக்கிளின் தொடங்கி இரண்டாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டும், கோழிக்கு ஆளில்லை என்று மிஸியோடு வாக்குவாதம். உண்ணிக்காய்ச்சலில் 48 மணித்தியாலத்துக்குள் காய்ச்சல் விடுவதே எங்களுக்கு ஒரு பரிசோதனை மாதிரித்தான். விடவில்லை என்றால் வேறு எதையோ தேட வேண்டும். பேராதனைக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு பிறகு உறுதிப்படுத்தியது. வெயில் பீலிக்ஸ் என்ற பழைய பரிசோதனையும் இருக்கிறது. அதில் ஓ.எக்ஸ்.கே. என்ற அளவு ஏறியிருந்தால் உதவும், ஏறாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

பொருக்கு எல்லோருக்கும் வராது. வந்தாலும் வியர்வை நிற்கிற இடங்களில் கறுப்பாக இருக்காமல் வெளிறிய சிறு புண்ணாகத்தான் தெரியும். ஆண்களுக்குச் சாரம் கட்டுகிற இடம், தொடையிடுக்கு, விதைப்பை, இவற்றையும் பார்க்க வேண்டும். நோயாளிக்குக் கூச்சம், வைத்தியருக்கு அவசரம், இரண்டுக்கும் நடுவில் அது தப்பிவிடும். குளிக்கும்போது இப்படி ஏதாவது தென்பட்டால், எந்த இடமென்றாலும், கேட்காமலே சொல்லுங்கள். டொக்சிசைக்கிளின் விலை மலிவு. வெறுவயிற்றில் படுக்கப்போகும்போது விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், ஆகவே சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு, அரை மணித்தியாலம் படுக்காமல். பாலோடு வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து.

நெருப்புக்காய்ச்சலில் என்னைக் களைக்க வைப்பது நோயல்ல, அதற்கான பிறபொருளெதிரியைத் தேடும் விடால் பரிசோதனை. மூன்றாம் நாள் காய்ச்சலில் ஒரு பல்கலைக்கழக மாணவன், விடால் 160 என்ற ரிப்போர்ட்டோடு வந்து தனக்குத் தைபோய்ட் என்று முடிவே கட்டியிருந்தான். மூன்றாம் நாளில் அந்த எண் எதையும் நிரூபிக்காது. எங்கள் பக்கம் போல இந்த நோய் காலங்காலமாக இருக்கிற இடத்தில், எப்போதோ வந்துபோன தொற்றுக்கும், போட்ட தடுப்பூசிக்கும், வேறு காய்ச்சலுக்கும் கூட விடால் ஏறும். ஒரே ஒரு முறை செய்த விடாலை வைத்து நான் மருந்து எழுதுவதில்லை. அவனுக்கு ஐந்தாம் நாள் பிளேட்லெட் இறங்கியது. டெங்கு.

நெருப்புக்காய்ச்சல் வேறு மாதிரி வரும். நாளுக்கு நாள் பின்னேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நாக்கில் வெள்ளை படியும். வயிறு ஊதும், சிலருக்கு மலம் இறுகும், சிலருக்கு இளகும். 103 பாகை காய்ச்சலுக்கு நாடி 120 அடிக்க வேண்டும், இவர்களுக்குச் சில வேளை 90இல் நிற்கும். வெண்குழியம் ஏறாது, அதில் ஒரு வகையான ஈசினோபில் பூச்சியம். பூச்சியம் என்ற அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு அது பிடித்தமான தடயம். உறுதிப்படுத்த இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். வளர்ந்தவர் ஒருவரிடம் எட்டிலிருந்து பத்து மில்லி எடுக்க வேண்டும். "இவ்வளவு ரத்தமோ?" என்று கேட்பார்கள். கிருமி இரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் ஓடும், இரண்டு மில்லியில் அகப்படாது. அப்படி எடுத்தும் ஏறக்குறையப் பாதிப் பேரில்தான் வளரும்.

அதையும் கெடுப்பது முன்கூட்டியே போட்ட அன்டிபயோட்டிக். பாமசியில் நாலு கப்சூல் வாங்கி இரண்டைப் போட்டுவிட்டு வந்தால் போத்தலில் ஒன்றும் வளராது. சின்னக் கடதாசி உறையில் பெயர் இல்லாத மாத்திரைகளோடு வருகிறவர்களும் அதிகம். வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசை என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. மருந்து தருகிறவரிடம் உறையில் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை. வெறும் உறையையும் எறியாமல் கொண்டு வாருங்கள்.

நெருப்புக்காய்ச்சல் உறுதியானால் கிணற்றைப் பற்றிக் கேட்பேன். எங்கள் நிலத்தடி சுண்ணக்கல். மலகூடக் குழியிலிருந்து கசிவது மண்ணில் வடிகட்டுப்படாமல் வெடிப்புகளால் ஓடிக் கிணற்றில் சேரும். சின்னக் காணிகளில் ஒரு மூலையில் குழி, மறு மூலையில் கிணறு. பக்கத்து வீட்டுக் குழி எங்கே என்று பலருக்குத் தெரிவதே இல்லை. மழைக்காலத்தில் கிணற்று நீர் மேலே வரும்போது கொதிக்க வைத்து ஆறியதைக் குடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"வெளியூர் எங்கயாவது போய் வந்தனீங்களோ?" என்ற கேள்விக்குப் பலர் கொழும்பைச் சொல்வார்கள். நான் கேட்பது இந்தியாவை, ஆபிரிக்காவை. இலங்கையில் உள்ளூர் மலேரியா கடைசியாகப் பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று தந்தது. அதனால் இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதே இல்லை. ஆனால் கடவுச்சீட்டோடு அது வந்துகொண்டுதான் இருக்கிறது: தலயாத்திரை, அகதி முகாமிலிருந்து திரும்புதல், ஐரோப்பா போகும் ஆசையில் மேற்கு ஆபிரிக்காவில் மாதக்கணக்காகக் காத்திருந்து திரும்புதல். இந்தக் கடைசிக் கூட்டம் வாய் திறக்காது. முகவரைப் பற்றியோ பொலிசைப் பற்றியோ எனக்கு அக்கறை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். 2016இல் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்ட, மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு யாழ் நகரிலும் இருக்கிறது. அது கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகும். நோயாளி ஒருவர் பேசாமல் வீட்டில் கிடந்தால் நுளம்பு அவரைத் தேடிப் போகும். மலேரியாத் தடை இயக்கத்தில் இரத்தப் பூச்சும் மருந்தும் இலவசம். ஒரு முறை நெகட்டிவ் என்றால் அதோடு விடாமல் திரும்பவும் பார்க்க வேண்டும், ஒட்டுண்ணி எல்லா நேரமும் கண்ணில் படாது.

இன்னொரு நோயை ஒரு பந்தியில் சொல்லிவிடுகிறேன், அது ஆட்களுக்கு அதிகம் தெரியாது என்பதால். மெலியோய்டோசிஸ். மண்ணிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி. நீரிழிவுக்காரருக்குத்தான் குறி வைக்கும். கிழமைக்கணக்கில் காய்ச்சல், மெலிவு, ஈரலிலோ மண்ணீரலிலோ மூட்டிலோ சீழ். காசநோய் என்று நினைத்து மருந்து தொடங்கப்பட்டவர்களும் உண்டு. லாப்பில் வளர்ந்தாலும் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்றோ வெளிக்கிருமி கலந்துவிட்டது என்றோ ஒதுக்கப்படலாம். ஜென்டாமைசின் என்ற அன்டிபயோட்டிக்குக்கு மசியாமல் கோ-அமொக்சிகிளாவுக்கு மசிகிற சூடோமோனாஸ் என்று ஒரு ரிப்போர்ட் வந்தால், நுண்ணுயிரியல் நிபுணரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். அந்தச் சேர்க்கை வழமையானதல்ல. கோரிக்கைப் படிவத்தில் "காய்ச்சல்" என்று மட்டும் எழுதாமல், "நீரிழிவு, வயல் வேலை, ஒரு மாதக் காய்ச்சல், ஈரலில் சீழ்" என்று எழுதிவிட்டால் லாப்பில் இருப்பவருக்கும் எதைத் தேடுவது என்று தெரியும்.

2006இல், யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை மூடிக்கிடந்த காலத்தில்தான் சிக்குன்குனியா இங்கே பரவியது. ஊரே குனிந்து நடந்தது. அப்போது இங்கே வேலை செய்த மூத்தவர்கள், நாடியும் நாக்கும் மூட்டு வீக்கமும் பார்த்துத்தான் டெங்குவையும் அதையும் பிரித்தார்கள். அவர்களிடம் படித்த எங்களுக்கு ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைக்கிற பழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஒரு கொப்பித் தாளில் இவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள்: முதல் குளிர் எடுத்த நாளும் நேரமும், ஒவ்வொரு நாளும் காய்ச்சல் எவ்வளவு, போட்ட மருந்துகளின் பெயர், குடித்ததும் சலம் போனதும் எவ்வளவு, கடந்த ஒரு மாதத்தில் வயல், வெள்ளம், பற்றை, பயணம். பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் வேண்டும், கடைசி ஒன்று மட்டும் போதாது. இந்த நோய்களில் ஒன்று என்று சந்தேகம் வந்ததுமே, லாப் முடிவுக்குக் காத்திராமல், நாங்கள் எம்.ஓ.எச். அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், அது சட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வீட்டுக்கு வருவார். அவருக்குப் பயந்து பிழையான முகவரி கொடுக்கிறவர்கள் உண்டு. பக்கத்து வளவில் நுளம்பு பெருகுகிறதா, உங்கள் கிணறு கெட்டதா என்று அவர்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, இரண்டாவது இரத்தம். எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் முதல் தடவை எடுத்த இரத்தத்தில் முடிவு தெளிவாக வராவிட்டால், பத்துப் பதினாலு நாள் கழித்து இன்னொரு முறை எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறபொருளெதிரி நாலு மடங்கு ஏறியிருந்தால்தான் உறுதி. துண்டில் திகதி போட்டுக் கொடுத்து அனுப்புவோம். முக்கால்வாசிப் பேர் திரும்பி வருவதில்லை. காய்ச்சல் மாறிவிட்டது, இனி எதற்கு என்பார்கள். உங்கள் பகுதியில் எந்தக் காய்ச்சல் ஓடுகிறது என்று அடுத்த மழைக்கு முன் எங்களுக்குத் தெரிய வருவது இரண்டாம் முறை எடுக்கும் அந்த மூன்று மில்லி இரத்தத்தில் இருந்துதான். துண்டில் போட்ட திகதிக்கு வாருங்கள். காலையில் ஏழரைக்கு வந்தால் வரிசை குறைவு.